அடங்கியிருத்தலும் தன்னை ஆளுதலும்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழாவிலே "தன்னடக்கம்" என்னும் பொருள்பற்றிப் பேசவேண்டும் எனச் செயலாளர் அவர்கள் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். கேட்டவுடன் எனக்குச் சற்றே தயக்கம் உண்டாயிற்று. ஏனெனில் அடக்கம் என்ற சொல் நம் தெருவுக்கு நல்ல வழியாக வந்து சேர்ந்த சொல் அன்று. நம் பாட்டன்மார் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டபோது, அதனை அடக்கம் என்றார்கள். காலில் கிடந்த செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஊர்த்தெருவைக் கடந்தபோது, அதனையும் அடக்கம் என்றார்கள். அறுப்புக் கூலியை அளந்து தரும்போது படி குறைந்திருந்தும் வாய் திறவாமல் நின்றவனை "அடக்கமான பிள்ளை" என்று பாராட்டினார்கள். இப்படிப் பழகிய சொல்லை இன்று ஒரு கல்லூரி மாணவன் கேட்டால் முகம் சுளிக்கிறான். அவன்மீது நான் குற்றம் காணமாட்டேன்.

ஆயினும் அச்சொல்லை அவர்களிடமே விட்டுவிட எனக்கு மனமில்லை. வள்ளுவர் அடக்கமுடைமைக்கு ஓர் அதிகாரம், பொறையுடைமைக்கு ஓர் அதிகாரம், வெகுளாமைக்கு ஓர் அதிகாரம் என மூன்று அதிகாரங்களை ஒதுக்கினார். நம் சேரிக்கென்று தனியே எழுதி வைத்தவை அல்ல அவை. வெகுளாமை அதிகாரத்தைப் பொருளறிந்து படிப்பவர்க்கு ஒன்று விளங்கும். தம்மினும் வலியவனிடத்தில் சினத்தை விழுங்குவதை அவர் பெரிதாக மதிக்கவில்லை. தம்மினும் எளியவனிடத்தில் அதனைத் தடுத்துக்கொள்வதையே பெரிதாக மதித்தார். அப்படியென்றால் அந்த அதிகாரத்தை முதலில் படிக்க வேண்டியவர்கள் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. நம் பாட்டனார் அயோத்திதாச பண்டிதர், 1907-இல் தொடங்கிய தம் இதழின் வழியே, பௌத்த நெறியில் நின்று குறளுக்கு உரை கண்டார். நூலைப் பிறர் உரையின்வழி மட்டுமே படிக்கவேண்டியதில்லை என்பதை அவர் அன்றே காட்டினார்.

ஆகவே இன்று நான் சொல்ல வந்தது இதுதான். அடங்கியிருத்தல் என்பது ஒன்று. தன்னை ஆளுதல் என்பது மற்றொன்று. வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். இரண்டிலும் கை ஓங்காது, குரல் உயராது. எப்படி வேறுபடுத்தி அறிவது?

இதற்கு விடை தேடி முதலில் நெடுந்தொலைவு செல்வோம். இற்றைக்கு ஏறத்தாழ இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர், கிரேக்க நாட்டு ஏதென்ஸ் நகரில், சீனோ என்னும் அறிஞர் ஓவியங்கள் தீட்டிய ஒரு தாழ்வாரத்தில் நின்று பாடம் சொன்னார். தாழ்வாரத்தை அவர்கள் மொழியில் "ஸ்டோவா" என்பர். அதனால் அவர் வழிவந்தோர்க்கு ஸ்டோயிக்குகள் என்று பெயர் வந்தது. நம் ஊர் வழக்கில் சொல்வதானால் திண்ணைக்காரர்கள். நம் முன்னோரைத் திண்ணைப் பள்ளியின் திண்ணைமேல் ஏற விட்டதில்லை. தெருவில் நின்று கேட்டதற்கும் விரட்டப்பட்டோர் உண்டு. ஆனால் அந்தக் கிரேக்கத் திண்ணையின் தத்துவத்தைப் பிற்காலத்தில் மிகச் சிறப்பாக எடுத்துரைத்தவர் ஓர் அடிமை என்பதைக் கேட்டால் நீங்கள் வியப்பீர்கள்.

அவர் பெயர் எபிக்டெடஸ். கி.பி. 50-ஆம் ஆண்டையொட்டி, இன்றைய துருக்கி நாட்டிலுள்ள ஹீராபோலிஸ் என்னும் ஊரில் பிறந்தார். அந்தப் பெயருக்கே "சம்பாதிக்கப்பட்டது" என்றுதான் பொருள். சந்தையில் வாங்கிய பொருளுக்கு இடும் பெயர் அது. பண்ணையார் வாயில் வந்ததையே பெயராகச் சுமந்த நம் பாட்டன்மாரை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். உரோமாபுரியில் அவரை வைத்திருந்த எசமானன் நீரோ மன்னனின் அரண்மனையில் பெரிய அலுவலன். அவனே ஒரு காலத்தில் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவன்! அடிமையாய் இருந்தவன் கையில் அதிகாரம் வந்ததும் தானும் ஓர் அடிமையை வைத்துக்கொண்டான். இதனை நம்முள் பதவி பெற்றோர் ஒரு முறைக்கு இரு முறை எண்ணிப் பார்ப்பது நலம்.

எபிக்டெடசுக்குக் கால் ஊனம். எசமானன் முறுக்கி ஒடித்தான் என்பது ஒரு கதை. நோயினால் வந்தது என்பது மற்றொரு கதை. அடிமையாக இருந்தபோதே மியூசோனியஸ் ரூபஸ் என்னும் ஆசிரியரிடம் பாடம் கேட்டார். விடுதலை பெற்றார், பின்பு தாமே ஆசிரியரானார். டொமீஷியன் மன்னன் தத்துவ ஆசிரியர்களை நகரைவிட்டு விரட்டியபோது கிரேக்கத்து நிக்கோபோலிஸ் நகருக்குச் சென்று அங்கே பள்ளி நடத்தினார். அவர் எதையும் எழுதி வைக்கவில்லை. அர்ரியன் என்னும் மாணவர் எழுதி வைத்தார். அக்குறிப்புகளைப் பிற்காலத்தில், 161 முதல் 180 வரை உரோமாபுரியை ஆண்ட பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ் படித்தார். படிக்கக் கொடுத்தவருக்குத் தம் நாட்குறிப்பில் நன்றியும் எழுதினார். அடிமையின் பாடத்தை அரசன் படித்தான்!

அவர் சொன்னதன் சாரம் எளிது. உலகில் சில காரியங்கள் நம் கையில் உள்ளன. சில நம் கையில் இல்லை. பிறர் நம்மை என்ன சொல்லி அழைக்கிறார் என்பது நம் கையில் இல்லை. அச்சொல்லுக்கு நாம் என்ன பொருள் கொள்கிறோம், அடுத்து என்ன செய்கிறோம் என்பன நம் கையில் உள்ளன. நம் கையில் உள்ளதை விடாமல் பற்றிக்கொள்பவனை எந்த எசமானனும் முழுமையாக வாங்கிவிட முடியாது. இவ்வளவே.

இதைக் கேட்டவுடன் உங்களுள் ஒரு கேள்வி எழ வேண்டும். எழாவிட்டால் நான் வருந்துவேன். "உள்ளம் விடுதலையாய் இருந்தால் போதுமா? கழுத்தில் கிடக்கும் நுகத்தடி அப்படியே கிடக்கட்டுமா?" நியாயமான கேள்வி. அந்தத் திண்ணைக்காரர்கள் அடிமைகளை மனிதராக நடத்துங்கள் என்று சொன்னார்களே அன்றி, அடிமை முறையை ஒழியுங்கள் என்று இயக்கம் நடத்தவில்லை. செனெகா என்னும் செல்வந்தர் அடிமைகளோடு உடனமர்ந்து உண்ணலாம் என அழகாகக் கடிதம் எழுதினார். ஆனால் தம் அடிமைகளையும் வைத்துக்கொண்டார். அங்கே அவர்கள் நின்றுவிட்டனர். அவர்கள் நின்ற இடத்திலிருந்து மேலே நடந்து காட்டியவர் நம் அண்ணல்.

மகாராட்டிரத்தில் மகாட் என்றோர் ஊர் உண்டு. அவ்வூரில் சவுதார் குளம் என்னும் பொதுக்குளம். பறவைகள் குடிக்கலாம், கால்நடை குடிக்கலாம், பிற மதத்தவர் குடிக்கலாம். நம்மவர் மட்டும் குடிக்கலாகாது. 1923-இல் பம்பாய்ச் சட்டசபை பொதுக்குளங்களை அனைவர்க்கும் திறந்துவிட வேண்டுமெனத் தீர்மானம் செய்தது. 1924-இல் மகாட் நகராட்சியும் அதனை ஏற்றது. ஏட்டில் ஏற்றதோடு சரி. 1927 மார்ச் 19, 20 ஆகிய நாட்களில் அங்கே மாநாடு கூடிற்று. இருபதாம் நாள் அண்ணல் அம்பேத்கர் முன் நடக்க, மக்கள் வரிசை வரிசையாகக் குளத்துக்குச் சென்று நீரை அள்ளிக் குடித்தனர்.

அடுத்த சில மணி நேரத்தில் ஒரு வதந்தி பரவிற்று. குளத்தைத் தொட்டவர்கள் அடுத்துக் கோயிலுக்குள்ளும் நுழையப் போகிறார்கள் என்பது அது. அப்படி ஓர் எண்ணம் மாநாட்டாருக்கு இல்லை. ஆனால் வதந்திக்கு ஆதாரம் எதற்கு? தடிகளோடு கும்பல் திரண்டது. பந்தலில் உண்டுகொண்டிருந்தவர்களையும், மூட்டை கட்டி ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்களையும் அடித்தது. தப்பியோருள் பலருக்கு முஸ்லிம் குடும்பங்கள் தம் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டன.

இப்போது கவனியுங்கள். மாநாட்டுக்கு வந்திருந்த நம்மவருள் பட்டாளத்தில் பணிபுரிந்து திரும்பியவர்கள் இருந்தனர். போர் கண்ட கைகள் அவை. அண்ணல் தங்கியிருந்த பயணியர் மாளிகையில் கூடி அவர் வாயிலிருந்து ஒரு சொல்லை எதிர்பார்த்து நின்றனர். அந்தச் சொல் மட்டும் வந்திருந்தால் அன்றிரவு மகாட் என்ன ஆகியிருக்கும் என எண்ணிப் பாருங்கள். அவர் அச்சொல்லைச் சொல்லவில்லை. திருப்பி அடிக்கவேண்டாம் என்றார். சட்டத்தின் வழி சென்றார். தாக்கியவர்களுள் சிலர் பின்னர்ச் சிறைத்தண்டனை பெற்றனர்.

அவருக்குச் சினம் இல்லையா? 1917-இல், அமெரிக்காவிலும் இலண்டனிலும் படித்துத் திரும்பி, பரோடா அரசின் பணிக்குச் சென்றபோது, தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்து தடிகொண்டு வந்தவர்களால் விரட்டப்பட்டவர் அவர். இரவு இரயிலுக்கு நேரம் இருந்ததால் அவ்வூர்ப் பூங்காவில் அமர்ந்து கலங்கியதைப் பின்னாளில் தாமே எழுதியுள்ளார். பத்து ஆண்டுகள் அந்த நெருப்பை உள்ளே வைத்திருந்தவர்தாம் மகாட்டில் நின்றார். நெருப்பு இல்லாதவன் அதைக் காத்தான் என்று சொல்ல முடியாது அல்லவா?

அத்தோடு முடியவில்லை. குளம் தீட்டுப்பட்டதென்று நூற்றெட்டுக் குடம் நீரை இறைத்துவிட்டுச் சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கலந்து ஊற்றிக் "குளத்தைச் சுத்தம்" செய்தனர். அதே ஆண்டு டிசம்பர் 25-இல் இரண்டாம் மாநாடு கூட இருந்தது. மறுபடி குளத்துக்குச் செல்லச் சிறைக்கும் துணிந்து ஆயிரக்கணக்கானோர் பெயர் கொடுத்திருந்தனர். அதற்குள் எதிர்த்தரப்பினர், குளம் எங்கள் தனியுடைமை என்று வழக்குப் போட்டு நீதிமன்றத்தில் தற்காலிகத் தடை வாங்கிவிட்டனர். மாவட்ட ஆட்சியர் மாநாட்டுக்கே வந்து தடையை மதிக்கும்படி கேட்டார். கூடியிருந்தோரோ "சிறைக்குப் போவோம்" என்று முழங்கினர்.

தலைவர் ஒருவருக்கு இதைவிடக் கடினமான நேரம் வாய்க்காது. எதிரியிடம் சினத்தை அடக்குவது ஒரு மடங்கு கடினம் என்றால், தன்னை வாழ்த்தும் கூட்டத்தின் முன்னே "வேண்டாம், இன்று வேண்டாம்" என்று சொல்வது பத்து மடங்கு கடினம். கோழை எனப் பெயர் வரும். விலைபோனான் எனப் பெயர் வரும். அண்ணல் அதற்கும் துணிந்தார். நம் போர் சாதி வெறியரோடு. அரசாங்கத்தையும் சேர்த்து எதிரியாக்கிக் கொள்வது அறிவன்று என்று எடுத்துச் சொன்னார். மக்கள் கேட்டனர். அதே மாநாட்டில், தீண்டாமைக்கு வேராகிய மனுஸ்மிருதியை எரிக்கவும் செய்தனர். அதன்பின் ஊர்வலமாகச் சென்று சவுதார் குளத்தைச் சுற்றி வந்தனர். ஒருவரும் நீரைத் தொடவில்லை. கண்ணெதிரே குளம், தொடவில்லை. இளைஞர்காள், அந்தக் காட்சியைக் கண்ணை மூடி ஒருமுறை பாருங்கள்.

வழக்கு நடந்தது. கீழ்மன்றத்தில் நடந்தது, மேல்முறையீட்டில் நடந்தது. தொன்றுதொட்டு வந்த வழக்கம் என்று எதிர்த்தரப்பு சொன்னது மெய்ப்பிக்கப்படவில்லை எனக் கூறி, 1937 மார்ச் 17-ஆம் நாள் பம்பாய் உயர் நீதிமன்றம் நமக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்புச் சொன்ன புரூம்பீல்டு என்னும் நீதிபதிதான் 1922-இல் காந்தியடிகளுக்குச் சிறைத்தண்டனை விதித்தவர் என்பது வரலாற்றில் ஒரு வேடிக்கை. முதன்முதல் நீர் அள்ளிய நாளிலிருந்து பத்தாண்டு நிறைய மூன்றே நாள் குறைவு.

நான் கேட்ட கேள்விக்கு இங்கே விடை கிடைக்கிறது. அடங்கிப் போகிறவன் சினத்தோடு சேர்த்து உரிமையையும் கைவிட்டு விடுகிறான். தன்னை ஆளுகிறவன் அன்றைய அடியை மட்டும் கைவிடுகிறான். உரிமையைப் பத்தாண்டானாலும் விடுவதில்லை. ஒருவன் அமைதியாக இருந்தான் என்று யாரேனும் சொன்னால், "அதன்பின் என்ன செய்தான்?" என்று கேளுங்கள்.

மகாட் தொலைவில் உள்ளது. மகான்களின் கதை நமக்கு ஆகுமா என்பீர்கள். நம் மாவட்டத்துக்கே வருவோம். அரூர்ப் பக்கத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் 20-ஆம் நாள் என்ன நடந்தது என்பதை இங்குள்ள பெரியோர் அறிவர். சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் புகுந்து, அந்தப் பழங்குடி மக்களின் வீடுகளைச் சூறையாடினர். பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். பலர் பொய்வழக்கில் சிறைக்கும் சென்றனர். அவர்கள் சொன்னதைத் தொடக்கத்தில் யாரும் நம்பவில்லை. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சியக் கட்சியினரும் துணைநின்றனர். 1995-இல் உயர் நீதிமன்ற ஆணையால் வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறையிடம் சென்றது. குற்றம் சாட்டப்பட்டவர் 269 பேர். 2011 செப்டம்பர் 29-இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது அவருள் 54 பேர் இறந்துபோயிருந்தனர். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. சரியாகப் பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2023 செப்டம்பர் 29-இல், சென்னை உயர் நீதிமன்றம் அதனை உறுதி செய்தது.

முப்பத்தோர் ஆண்டு! எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார் கூலியை இழந்து, பேருந்து ஏறி, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கும் கூசும் கேள்விகளுக்கு அதே விடையை ஒரு சொல் பிறழாமல் சொன்னார்கள். சாட்சிக் கூண்டிலே அழுகை வரும்; வெறி வரும்; "போதும், விடுங்கள்" என்று ஓடத் தோன்றும். அவர்கள் ஓடவில்லை. தன்னை ஆளுதல் என்பதற்கு எபிக்டெடசின் நூலைவிட வாச்சாத்திப் பெண்களை நான் பெரிய பாடமாகக் கொள்வேன். அவர்கள் நம் சாதியினர் அல்லர், நம் அயலார். அவர்களிடம் கற்றுக்கொள்வதில் நமக்குக் குறைவொன்றும் இல்லை.

2012 நவம்பர் 7-ஆம் நாளை நான் சொல்லாமல் விட்டால் இங்குள்ள இளைஞர் என்னை மன்னிக்கமாட்டார்கள். ஒரு காதல் திருமணத்தைக் காரணம் காட்டி நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம், கொண்டாம்பட்டி, அண்ணா நகர் ஆகிய நம் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. இருநூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்ச் சேர்த்த பணத்தில் கட்டிய வீடுகள். அவற்றோடு பிள்ளைகளின் கல்விச் சான்றிதழ்களும் எரிந்தன. அதை நினைக்கும்போது இரத்தம் கொதிக்கிறது என்று ஓர் இளைஞன் என்னிடம் சொன்னான். "கொதிக்கட்டும் தம்பி" என்றேன். சினம் எந்த வடிவிலும் வேண்டவே வேண்டாம் என்கிறார் செனெகா. இந்த இடத்தில் நான் அவரோடு உடன்படவில்லை. வீடு எரிந்தவனிடம் சினமே கூடாது என்று சொல்ல, வீடு எரியாதவனுக்கு உரிமையில்லை. அச்சினத்தை எந்த வேலைக்கு அனுப்புவது என்பதே நாம் பேச வேண்டியது.

அதற்கு என் வாழ்க்கையிலேயே ஒரு சான்று உண்டு. பெருமைப்படத் தக்கதன்று. இளமையில் ஓர் ஊரில், ஊர்ப்பெயர் வேண்டாம், தேநீர்க் கடையில் எனக்குத் தனிக் குவளை கொடுத்தார்கள். நான் அந்தக் குவளையைத் தரையில் அறைந்து உடைத்தேன். கடைக்காரரின் சட்டையையும் பிடித்தேன். அந்த ஒரு நொடி இனித்தது; பொய் சொல்லமாட்டேன். மாலைக்குள் என்மீது அடிதடிப் புகார் எழுதப்பட்டது. தனிக்குவளை பற்றிய புகார் எழுதப்படவே இல்லை, நானே எழுதவில்லை. சமாதானம் பேசி முடிக்க என் தந்தையார் இரண்டு ஆடுகளை விற்றார். குவளை அங்கேயே இருந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து என் சிற்றப்பா மகன் அதே கடைக்குச் சென்றான். அதே குவளை வந்தது. அவன் குடிக்கவும் இல்லை, உடைக்கவும் இல்லை. நாள், நேரம், உடன் இருந்தோர் பெயர் ஆகியவற்றை எழுதினான். மூவரைச் சாட்சியாகக் கையொப்பமிடச் செய்தான். மனுவை நேரில் கொடுத்து இரசீது வாங்கினான். பதில் வராததால் மறுபடி கொடுத்தான்; நான்காம் முறை தாசில்தார் வந்து பார்த்தார். குவளை போயிற்று. எங்கள் இருவருள் எவனுக்கு வீரம் அதிகம் என்று ஊரில் கேட்டால் இன்றும் என் பெயரையே சொல்வார்கள்! எனக்கல்லவா உண்மை தெரியும்.

இளைஞர்கள் சட்டத்தையும் அறிய வேண்டும். அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-இல் ஒரு சட்டம், 1989-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் என நமக்குக் கருவிகள் உண்டு. ஆனால் இழிசொல் பற்றிய பிரிவு, அச்சொல் பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் சொல்லப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. நான்கு சுவருக்குள் வெளியார் எவரும் இல்லாதபோது நிகழ்ந்ததை அது எட்டாது என 2020-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஆகவே இழிசொல் காதில் விழுந்த அந்த நொடியில் நம் மனம் எங்கே இருக்க வேண்டும்? யார் யார் அருகில் நின்றார்கள், சரியாக என்ன சொன்னான், மணி என்ன என்பதில் இருக்க வேண்டும். கை ஓங்கினால் எதிர்வழக்கு வரும். எதிர்வழக்கு வந்தால் "இரு தரப்பும் சமாதானமாகப் போங்கள்" என்பார்கள். நம்மைச் சினமூட்டுவதே சிலருக்கு உத்தி. தூண்டிலைக் கண்டுகொண்ட மீன் அதைக் கவ்வுமா?

இன்று அந்தத் தூண்டில் கைப்பேசிக்குள்ளேயே வருகிறது. மகாட்டில் வதந்தி பரவச் சில மணி நேரம் ஆயிற்று. வாட்ஸ்அப்பில் சில நொடி போதும். நம் தலைவரை இழித்து ஒருவன் ஒரு படம் அனுப்புகிறான். நம் பையன் அதைவிடக் கேவலமாக ஒன்று அனுப்புகிறான். மறுநாள் காவல் நிலையத்தில் இருவர் பெயரும் இருக்கின்றன. அவனுக்கு அப்பா ஜாமீன் எடுப்பார். நம் பையன் அரசுத் தேர்வு எழுதியிருக்கிறான். பணியில் சேருமுன் நடத்தை விசாரணையில் அந்த வழக்கு நிற்கும். வந்த படத்தைத் தேதியோடு சேமித்து வை, பெரியவரிடம் காட்டு, புகார் எழுது. விரலை ஆள முடியாதவன் ஊரை எப்படி ஆள்வான்?

உள்ளுக்குள் நடப்பதையும் சொல்ல வேண்டும். திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன் 1859-இல் பிறந்தவர். கோயம்புத்தூரில் படித்தபோது உடன் பயின்றோர் பெரும்பாலும் பிராமணப் பிள்ளைகள். தம் சாதி தெரிந்துவிட்டால் என்ன ஆகுமோ என்று அஞ்சி, மணியடிக்கும் வரை வெளியிலேயே படித்துக்கொண்டிருந்து பின் வகுப்புக்குள் நுழைவாராம். பள்ளி விட்டதும் பிறர் வந்து சேருமுன் விரைந்து வீடு செல்வாராம். பிள்ளைகளோடு விளையாட முடியாத அந்தக் கசப்பை அவர் தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் எழுதியுள்ளார். அந்த அச்சம் இன்றும் நகரக் கல்லூரி விடுதியில் உண்டு. "எந்த ஊர், எந்தத் தெரு" என்று ஒருவன் நயமாகக் கேட்கும்போது நம் பிள்ளையின் தொண்டை வறள்வதை நான் அறிவேன். அதே சீனிவாசனார் 1893-இல் ஒரு பத்திரிகை தொடங்கினார். எந்தச் சொல் தெரிந்துவிடும் என்று மணியடிக்கும்வரை ஒளிந்திருந்தாரோ, அந்தச் சொல்லையே, "பறையன்" என்பதையே, பத்திரிகைக்குப் பெயராக இட்டார். பிறன் வாயில் இருந்த கல்லைப் பிடுங்கித் தம் வீட்டுக்கு அடித்தளமாக வைத்தது போன்றது அது. 1924-இல், சென்னைச் சட்டசபையில் பொதுச்சாலைகளும் கிணறுகளும் அனைவர்க்கும் உரியன என்னும் தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேறச் செய்தவரும் அவரே.

இனிச் சங்கத்துக்கு வருகிறேன். மேடையில் இருப்போர் வருந்தக் கூடாது. வெளியார் இழிவுபடுத்தும்போது பொறுத்துக்கொள்ளும் நம்மவர், அழைப்பிதழில் தம் பெயர் இரண்டாம் வரியில் வந்துவிட்டால் பொறுப்பதில்லை. கணக்கைக் காட்டுங்கள் என்று ஓர் இளைஞன் கேட்டால், "என்னையே கேட்கிறாயா?" என்று சீறுகிறோம். அந்தச் சீற்றத்தில் எத்தனை ஊர்களில் எத்தனை இரவுப் பாடசாலைகளின் விளக்கு அணைந்திருக்கிறது! பண்ணையார் முன் விழுங்கிய சினத்தை வீட்டில் மனைவிமீதும் பிள்ளைமீதும் கொட்டுவதும் உண்டு. சாராயக் கடையில் கரைப்பதும் உண்டு. வள்ளுவர் சொன்ன எளியவரிடத்துச் சினம் என்பது இதுதானே? நம் தாய்மார்கள் இந்த இடத்தில் தலையசைப்பதைக் காண்கிறேன்.

செனெகாவிடம் எனக்குப் பிடித்த பழக்கம் ஒன்றுண்டு. இரவில் விளக்கை அணைத்தபின், அன்றைய நாளைத் தம்முன் நிறுத்தி, எங்கே தவறினேன், எங்கே தேவையின்றிச் சினந்தேன் என்று தம்மையே விசாரிப்பாராம். செலவில்லாத பழக்கம். நான் சில ஆண்டுகளாகச் செய்கிறேன். பெரும்பாலான இரவுகளில் தீர்ப்பு எனக்கு எதிராகவே முடிகிறது. அப்படியிருந்தும் மறுநாள் காலையில் கணக்குப் புத்தகத்தைக் கேட்டு வருபவனிடம் என் குரல் சற்றே தாழ்ந்திருக்கிறது. மார்க்கஸ் அரேலியசோ காலையில், இன்று நன்றியற்றவரையும் திமிர் கொண்டவரையும் சந்திப்பேன் என்று முன்கூட்டியே எண்ணிக்கொள்வாராம். சாதிச் சான்றிதழுக்காக அலுவலகத்துக்குச் செல்லும் நம் மாணவனுக்கு இது மிகவும் உதவும். "இன்று வா என்பார்கள், நாளை வா என்பார்கள்" என்று எண்ணிக்கொண்டு, நகல்களை இரண்டாக எடுத்துக்கொண்டு, மதிய உணவையும் கட்டிக்கொண்டு புறப்படுபவன் அங்கே கத்துவதில்லை. வாங்காமல் திரும்புவதும் இல்லை.

கடைசியாக ஓர் அறிவிப்பு. செயலாளரிடம் அனுமதி பெற்றே சொல்கிறேன். வரும் ஞாயிறு முதல் நம் மாலைப் படிப்பகத்தில் மனு எழுதும் பயிற்சி நடைபெறும். நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறு, வசைச்சொல் சேர்க்காமல், ஒரு பக்கத்துக்குள் எழுதுவது எப்படி என்பதைச் சொல்லிக் கொடுக்க வழக்கறிஞர் ஒருவர் இசைந்துள்ளார். பத்தாம் வகுப்புக்கு மேற்பட்டோர் ஆண் பெண் அனைவரும் வரலாம். கோடு போட்ட நோட்டு ஒன்றும் பேனா ஒன்றும் கொண்டுவருக. நான் முதல் வரிசையில் மாணவனாக அமர்ந்திருப்பேன்.